ஹாரிஸ் கவுன்ட்டி நீதிபதிகளைத் தோற்கடித்தது பிணை வழக்கா, ஒற்றைப் பொத்தானா?

தெற்குவாசல்:
பிணை முறை பற்றிய திரியில் குறுக்குக்கேள்வி அவர்கள், 2018 தேர்தலில் டெக்சாஸின் ஹாரிஸ் கவுன்ட்டி (ஹூஸ்டன் நகரம் இருக்கும் பகுதி) மக்கள், பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைகளைச் சிறையில் அடைத்த குற்றவியல் நீதிபதிகளைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அங்கே நீதிபதிகளும் கட்சி வேட்பாளர்களாகத் தேர்தலில் நிற்பவர்கள். அன்று வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர், கட்சியின் பெயருக்கு நேரே ஒரு பொத்தானை அழுத்தி, செனட் வேட்பாளர் முதல் கடைசி நீதிபதி வரை அனைவருக்கும் ஒரே நொடியில் வாக்களித்துவிட்டுப் போனவர்கள். போட்டி நடந்த 59 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. அவற்றுள் குடும்ப நீதிமன்றங்களும் உண்டு. மணவிலக்கு வழக்குகளை விசாரித்தவர் எந்த ஏழைக்குப் பிணை மறுத்தார் என்று அன்பர் விளக்குவாரா?

குறுக்குக்கேள்வி:
செல்லாத உரிமத்துடன் வண்டி ஓட்டியதாக 2016-இல் கைதான ஒரு பெண்ணுக்கு 2,500 டாலர் பிணைத்தொகை விதிக்கப்பட்டது. அதைக் கட்ட இயலாததால் அவர் சிறையில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில், இந்த நடைமுறை அரசமைப்புக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிபதி லீ ரோசென்தால் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். அதன் பிறகும் பெரும்பாலான நீதிபதிகள் பொதுமக்களின் பணத்தில் மேல்முறையீட்டுக்குச் சென்றார்கள். மறு ஆண்டு தேர்தலில் அவர்கள் தோற்றார்கள். புதிதாக வந்தவர்கள் 2019-இல் வழக்கைச் சமரசமாக முடித்தார்கள். இத்தனையும் தற்செயல் என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும். அது தங்களிடம் இருப்பதை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற வக்கீல்:
இருவரும் எந்த நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. பிணை வழக்கு சிறு குற்றங்களை விசாரிக்கும் கவுன்ட்டி நீதிமன்றங்களைப் பற்றியது; கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்கள் மாவட்ட நீதிமன்றங்களுக்குச் செல்பவை. இரண்டுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்சிப் பெயரோடு தேர்தல் நடப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது.

தெற்குவாசல்:
வரையறை பிறகு இருக்கட்டும், ஐயா. பொத்தானுக்குப் பதில் வரவில்லை. 1994-இல் இதே கவுன்ட்டியில் ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் கூட்டமாகத் துடைத்தெறியப்பட்டபோது எந்தப் பிணை வழக்கு நடந்தது? 2008-இல் அலை திரும்பி, ஒபாமாவின் பெயரோடு குடியரசுக் கட்சி நீதிபதிகள் பலர் கரைந்தபோது எந்த வழக்கு நடந்தது? 2018-இல் பட்டியலின் மேலே ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர் பீட்டோ ஓ'ரூர்க் நின்றார், கையருகே பொத்தான் இருந்தது. அவ்வளவுதான் செய்தி.

ஹூஸ்டன்வாசி:
தெற்குவாசல் ஐயா இங்கே வாக்களித்தவர் போலவே எழுதுகிறார். சென்ற ஆண்டு வேறொரு திரியில் தாம் சுகர்லேண்டில் குடியிருப்பதாக அவரே சொன்னார். சுகர்லேண்ட் இருப்பது ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில். ஹாரிஸ் கவுன்ட்டி நீதிபதிகளின் பெயர்கள் அச்சான வாக்குச்சீட்டு அவர் கைக்கு வந்திருக்கவே வழியில்லை. கீழே இறங்கிக்கொண்டே போகும் அந்தப் பட்டியலை நான் முழுவதும் படித்து, பெயர் பெயராகத் தேர்ந்தெடுத்தேன்.

தெற்குவாசல்:
அம்மையீர், அந்தத் திரியில் என்னிடம் வாதத்தில் தோற்றதைத் தாங்கள் இன்னும் மறக்கவில்லை என்பது தெரிகிறது. நான் எங்கே குடியிருந்தால் என்ன? தாங்கள் பட்டியலை முழுவதும் படித்தவர் என்றால் அந்த நான்கில் ஒரு பங்கினரில் ஒருவர். மீதி மூன்று பங்கினர் பொத்தானை அழுத்தியவர்கள் என்ற என் கூற்றை அது எந்த வகையிலும் அசைக்கவில்லை.

குறுக்குக்கேள்வி:
அன்பரின் அருமைப் பொத்தானை டெக்சாஸ் சட்டமன்றம் 2017-இல் இயற்றிய சட்டத்தின் வழியே 2020-இல் எடுத்துவிட்டது. எடுத்தது குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை. பொத்தான் இல்லாத 2020 நவம்பரிலும் ஹாரிஸ் கவுன்ட்டியின் நீதிபதி இடங்களில் பெரும்பாலானவற்றை ஜனநாயகக் கட்சியே வென்றது. இல்லாத பொத்தானை அழுத்தியவர்கள் யார்?

தெற்குவாசல்:
2020 குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு என்பதை வசதியாக மறந்துவிட்டார். 2022-ஐப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த கவுன்ட்டியில், 180-ஆவது மாவட்டக் குற்றவியல் நீதிமன்ற இடத்தின் முடிவு வெறும் 449 வாக்குகளில் நின்றது; தோற்றவர் வழக்குத் தொடுத்தார். வேறு சில இடங்களைக் குடியரசுக் கட்சி கைப்பற்றவும் செய்தது. பொத்தான் போனதும் ஆளுக்கு ஆள் முடிவு மாறத் தொடங்கியது. இதைவிடச் சான்று வேண்டுமா?

குறுக்குக்கேள்வி:
2022-இல் அந்தக் கட்சியின் பரப்புரையே குற்றங்களும் பிணையும்தான். பிணையில் வெளியே விட்ட நீதிபதிகள் என்று விளம்பரம் செய்துதான் வாக்குக் கேட்டார்கள். ஆகவே மக்கள் பிணையைப் பார்த்தே நீதிபதிக்கு வாக்களிக்கிறார்கள் என்ற என் கூற்றுக்குத் தாங்களே சான்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

ஓய்வுபெற்ற வக்கீல்:
180-ஆவது நீதிமன்றம் பெருங்குற்ற நீதிமன்றம்; 2017 தீர்ப்போ சிறு குற்றப் பிணை பற்றியது. இதை மேலே சொல்லியிருந்தேன். மேலும், வசதியற்றவர்களுக்காக வாதாட நீதிபதியால் நியமிக்கப்படும் வழக்கறிஞர்களே அந்த நீதிபதியின் தேர்தல் செலவுக்கு நன்கொடை தரும் வழக்கம் அங்கே உண்டு. அதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

தெற்குவாசல்:
நன்கொடைக்குத் தனித் திரி தொடங்குங்கள், ஐயா. இங்கே கேள்வி ஒன்றுதான், அதை மீண்டும் கேட்கிறேன்: பிணைக்காகவே வாக்களித்தார்கள் என்றால், 2018-இல் குடும்ப நீதிமன்ற நீதிபதிகள் ஏன் தோற்றார்கள்?

ஹூஸ்டன்வாசி:
ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டிக்காரருக்கு எங்கள் குடும்ப நீதிமன்றங்களின் மீது இத்தனை அக்கறை ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.