சிள்வண்டுக்கும் ஒரு டிராக்

சிட்னி, பூம் ஆபரேட்டர்:

நீளக் கம்பில் மைக்கைக் கட்டி நடிகர்களுக்கு மேலே பிடிப்பவன் நான். இங்கே சவுண்ட் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் முதல் கோடைக்கால ஷூட்டிங்கில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்.

சிட்னியை ஒட்டிய நீல மலை (ப்ளூ மவுண்டன்ஸ்) பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். அம்மாவும் மகளும் மேஜையில் உட்கார்ந்து பேசுகிற காட்சி. காலையில் நல்ல அமைதி. வெயில் ஏறியதும் சிள்வண்டுகள் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. சிட்னிக்காரர்கள் 'கிரீன் குரோசர்' என்று சொல்கிற பச்சை வண்டு. கிட்டத்தில் வைத்து அளந்தால் 120 டெசிபல் வரை போகும். அதன் சத்தம் 4 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் இருப்பதுதான் பெரிய தொல்லை. பேச்சில் ச, ஸ, த எல்லாம் தெளிவாக விழுகிற இடமும் அதை ஒட்டித்தான். மைக்கை ஃப்ரேமின் விளிம்பு வரை இறக்கிப் பார்த்தேன். வசனத்தோடு வண்டும் வந்தது.

எங்கள் சவுண்ட் மிக்ஸர், அதாவது ஷூட்டிங்கில் ஒலிப்பதிவை நடத்துபவர், முப்பது வருட அனுபவமுள்ள பெண்மணி. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு உதவி இயக்குநரிடம் போய் மெதுவாக ஏதோ பேசினார். ஒரு நிமிடம் கிடைத்தது, அட்மாஸ் எடுப்பதற்கு: யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்வது. நாற்பது பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த கிரிப் தம்பி (கேமரா தளவாடங்களைக் கையாளுபவன்) அதைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். பாதியில் சொல்லி வைத்தாற்போல வண்டுகள் நின்றுவிட்டன. நான் பதறிப்போய் அவரைப் பார்த்தேன். 'அப்படியே பிடி' என்று கையைக் காட்டினார். இரண்டுமே வேண்டும் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் ஷாட்டில் வண்டு கத்தி, மகளின் ஷாட்டில் கத்தாவிட்டால் ஷாட் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் சத்தம் குதிக்கும். அட்மாஸ் கையில் இருந்தால் காட்சி முழுக்க அதை அடியில் ஓடவிட்டுக் குதிப்பை மறைத்துவிடலாம்.

மெல்பர்ன், டயலாக் எடிட்டர்:

தம்பி, அந்த ஒரு நிமிடத்தின் அருமை, படத்தின் வசன ஒலியை வெட்டிச் சேர்க்கிற என் அறையில் உட்கார்ந்தால் தெரியும். ஒரு படம் அட்மாஸே இல்லாமல் வந்தது. பழைய வீட்டுச் சமையலறையில் எடுத்த நீளமான காட்சி. பின்னால் ஃபிரிட்ஜ் சில ஷாட்டில் ஓடுகிறது, சில ஷாட்டில் இல்லை. நடிகர் மூச்சுவிடுகிற இடைவெளிகளில் இருந்து அரை விநாடி, கால் விநாடி என்று பொறுக்கி ஒட்டினேன். மூன்று நாள் போயிற்று. மென்பொருளில் ஓரளவுக்குச் சுத்தம் செய்யலாம்தான். ஆனால் அளவுக்கு மீறித் தேய்த்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும்.

கடைசியில் அந்தப் படத்தின் மிக்ஸருக்கு போன் போட்டேன். அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஷூட்டிங் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அதே சமையலறையில் ஃபிரிட்ஜை ஓடவிட்டு ஐந்து நிமிடம், அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் எடுத்து அனுப்பினார். பணம் பேசவே இல்லை. இங்குள்ள திரை ஒலிக்கலைஞர்களின் சங்கமான ஆஸ்திரேலியன் ஸ்க்ரீன் சவுண்ட் கில்டின் விருது விழாவில்தான் அவரை முதல்முறை நேரில் பார்த்தேன். நடிகர்களின் முகத்தைத் தேடாமல், லொகேஷனில் எடுத்தவரும் அறைக்குள் வெட்டியவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு வருகிற விழா அது. எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

சிட்னி, சவுண்ட் அசிஸ்டென்ட்:

அண்ணா, நான் இந்தத் துறைக்கு வந்ததே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான். 2016-இல் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்துக்கு ஒலிக்கான இரண்டு ஆஸ்கரும் கிடைத்தன. நமீபியப் பாலைவனத்தில் லொகேஷன் சவுண்ட் எடுத்த பென் ஓஸ்மோ மேடையில் நின்றார். அடுத்த வருடமே 'ஹாக்சா ரிட்ஜ்' படத்துக்காக ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிரேஸ், ராபர்ட் மெக்கென்சி, ஆண்டி ரைட் ஆஸ்கர் வாங்கினார்கள். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். இங்கே இருந்துகொண்டே இதைச் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

வேலை எல்லாம் படத்துக்குப் படம்தான். ஒரு படம் முடிந்தால் அடுத்த போன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் பயம். போன வருடம், முதல்முறையாக எனக்குப் பூம் பிடிக்கக் கொடுத்த படத்தின் நடுவில் அப்பாவுக்கு மாரடைப்பு. இரண்டு வாரம் போக முடியவில்லை. என்னைவிட எவ்வளவோ மூத்த ஆபரேட்டர் ஒருவர் என் இடத்துக்கு வந்தார். 'இது அவளுடைய படம், வந்ததும் கொடுத்துவிடுவேன்' என்று முதல் நாளே தயாரிப்பு அலுவலகத்தில் சொல்லிவிட்டாராம். மேலாளர்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் திரும்பிப் போன திங்கட்கிழமை அழைப்பு நேரம் காலை 5.30. அவர் எனக்கு முன்பே வந்து வண்டியருகே நின்றார். எந்தக் காட்சியில் எந்த நடிகர் வசனத்தை விழுங்குகிறார், எந்தச் சட்டை, உடையில் ஒளித்து மாட்டுகிற லேபல் மைக்கில் உரசுகிறது என்று கையால் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்தார். அப்புறம் பூம் கம்பை என் கையில் வைத்து, "பிடியில் புது டேப் சுற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள்" என்றார்.