14 பேர் உள்ள கம்பெனியில் முதல் வேலை: தம்பியை அனுப்பலாமா?

சிங்காநல்லூர் அக்கா:
தம்பி இந்த வருடம் பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான். கையில் இரண்டு வேலை. ஒன்று சென்னையில் பெரிய ஐடி கம்பெனி, வருடத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். எப்போது சேர வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று இங்கேயே கோவை சரவணம்பட்டியில். மொத்தம் 14 பேர், மாதம் 18 ஆயிரம், திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதித் தர வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுக்க வேண்டுமாம். அப்பா பெரிய கம்பெனிதான் என்கிறார், தம்பி சின்னதுக்குத்தான் போவேன் என்கிறான். சின்ன இடத்தில் வேலை பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எண்டர்கீ:
தம்பி பேச்சைக் கேளுங்கள் அக்கா. 2016-ல் திருப்பூரில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் 8 பேர் கம்பெனியில் சேர்ந்தேன். அடுத்த வருடம் ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அப்போது ஆயத்த ஆடை ஒன்று 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 12. நான் பட்டியல் விலையைப் பார்த்து வரி போடும்படி எழுதிவிட்டேன். காதர்பேட்டைக் கடை ஒன்றிலிருந்து போன். 1,050 ரூபாய் சட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 945 ஆகிறது, வரி மட்டும் 12-லேயே நிற்கிறது, வாடிக்கையாளர் சண்டை போடுகிறார் என்று.

பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். கணக்கர் மவுஸைத் தொடவே இல்லை. இடது கை சரக்கு மேல், வலது கை எண் விசைகள் மேல், எண்டர், எண்டர் என்று போய்க்கொண்டே இருந்தார். என் திரை மூன்று இடத்தில் மவுஸ் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவர் கை நின்று, தேடி, திரும்ப வந்தது. அன்று ராத்திரி கடையிலேயே உட்கார்ந்து வரியையும் திருத்தினேன், அந்த மூன்று இடத்தையும் எடுத்தேன். எனக்கு அப்போது 22 வயது. நான் எழுதியதை ஒரு மனிதர் பயன்படுத்துவதை ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். பெரிய கம்பெனியில் சேர்ந்த என் கூட்டாளிகள் அந்த நேரத்தில் ப்ராஜெக்ட் வரும் வரும் என்று பெஞ்சில் காத்திருந்தார்கள்.

மழைக்கால்:
அவர் சொல்வது அத்தனையும் உண்மை. எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது. மூன்றாவது வருடத்தையும் நான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் 9 பேர். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு வெளிநாட்டு கிளையன்ட். அவர்கள் நிறுத்தியதும் 1-ம் தேதி சம்பளம் 10-ம் தேதி ஆனது, அப்புறம் பாதி இப்போது பாதி பிறகு என்றானது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், முதலாளி நல்ல மனிதர் என்று. வருமான வரி தாக்கல் செய்யப் போனபோதுதான் தெரிந்தது. என் சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரியாகப் பிடித்த டிடிஎஸ், வரித்துறையின் கணக்குப் பட்டியலான 26ஏஎஸ்-ல் பூஜ்யம். பிடித்தார்கள், கட்டவில்லை. பிடித்த வரியை நம்மிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் நோட்டீஸ் என் பெயருக்குத்தான் வந்தது. சம்பளச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்.

வேறு வேலை கிடைத்தது. சேரும் நாளில் ஒரிஜினல் சர்டிபிகேட் காட்ட வேண்டும். கேட்டால் "பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கோம்மா" என்றார்கள். 23 நாள் இழுத்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எல்லாமே அந்த பீரோவுக்குள்.

மதுரை முதலாளி:
மதுரையில் 11 பேரை வைத்துக் கம்பெனி நடத்துகிறேன், இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். 5 லட்சத்துக்கு பில் போட்டால் அதன்மேல் 90 ஆயிரம் ஜிஎஸ்டி. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும். கிளையன்ட் பணம் தருவது 70 நாள் கழித்து. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருக்கிற ஒரே பெரிய கிளையன்டிடம் சட்டம் பேசிவிட்டு அடுத்த ஆர்டரை எப்படிக் கேட்பது? இரண்டு முறை மனைவியின் நகையை வைத்துச் சம்பளம் போட்டிருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் வரும் பையனுக்கு ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறோம். கை தேறியதும் ஐந்தாயிரம் கூட என்று கிளம்பிவிடுகிறான். பாண்ட் கேட்பதில் என்ன தப்பு?

மழைக்கால்:
உங்கள் கஷ்டம் புரிகிறது சார், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நல்ல வருடத்தில் வந்த லாபம் உங்களுடையது. கெட்ட வருடத்துக்கு மட்டும் 18 ஆயிரம் வாங்குகிற பையன் எப்படிப் பங்காளி ஆவான்? அவன் வீட்டிலும் வாடகை 5-ம் தேதிதான். பாண்ட் வேண்டுமானால் பாண்ட் மட்டும் எழுதி வாங்குங்கள். சர்டிபிகேட் எதற்கு?

எண்டர்கீ:
இதில் நான் மழைக்கால் பக்கம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பலரும் இதைக் காட்டி மிரட்டுகிறார்கள். அது பணம் பற்றிய தீர்ப்பு. சர்டிபிகேட்டைப் பூட்டி வைக்கலாம் என்று அதில் இல்லை. ஆனால் அதற்காகச் சின்ன கம்பெனியே வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரெண்டாம் ஷிப்ட்:
பெரிய கம்பெனியில் 6 வருடம், சோழிங்கநல்லூர். எண்டர்கீ சொன்ன அந்த ஓரடி தூரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. டிக்கெட் என்று புகார் ஒன்று வரும், சரிசெய்து மூடுவேன். யார் வீட்டுப் பிரச்சினை என்று தெரியாது. அந்த ஏக்கம் உண்டு. ஆனால் போன வருடம் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. கம்பெனி இன்சூரன்ஸ்தான் கட்டியது, நான் ஒருவரிடமும் கை நீட்டவில்லை.

அக்கா, ஒரு விஷயம் கேளுங்கள். பிஎஃப் 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், 14 பேருக்கு அவர்கள் தப்பிக்கலாம். ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு 10 பேருக்கே கட்டாயம், சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருந்தால். தம்பிக்கு 18 ஆயிரம். அவன் பங்கு 0.75 சதவீதம், மாதம் 135 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம். இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மதுரை முதலாளி:
அது சரியான கேள்வி. நான் கட்டுகிறேன்.

சிங்காநல்லூர் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவும் தம்பியும் நேரில் போய் வந்தார்கள். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர், எங்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றால் இங்கே இஎஸ்ஐ ஆஸ்பத்திரிதான். அதனால் அவரே கேட்டுவிட்டார். சர்டிபிகேட்டை அங்கேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று ஆஃபர் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இஎஸ்ஐ இன்னும் பதியவில்லையாம், ஆடிட்டரிடம் பேச ஒரு வாரம் வேண்டுமாம். இஎஸ்ஐ நம்பர் வந்ததும் பையன் வருவான் என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார். தம்பிக்குக் கோபம், ராத்திரி சாப்பிடவில்லை. எண்டர்கீ எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தான்.