மலேசியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மருத்துவமனைக் கட்டணமும் குடிநுழைவு அரசியலும்

தம்பி, செந்தூலில் குடியேறிய கையோடு இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பது நல்லது. "அரசு மருத்துவமனையில் வரிசை நீண்டுகொண்டே போவதற்கு அந்நியத் தொழிலாளர்களே காரணம், நம் வரிப்பணத்தில் அவர்கள் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று உடன் வேலை பார்க்கும் மலேசியத் தமிழர் ஒருவரே உங்கள் எதிரில் சொன்னதாகவும், அதற்கு என்ன மறுமொழி சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்நாட்டில் மருத்துவச் செலவைப் பற்றிய அரசியல் வாதமும் குடிநுழைவைப் பற்றிய அரசியல் வாதமும் வேறுவேறு இடங்களில் தொடங்கினாலும், பொதுச் சொத்தில் யாருக்குப் பங்கு என்ற ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன. அந்த வழக்கில் நாமும் ஒரு தரப்பு என்பதால், வாய் திறப்பதற்கு முன் கணக்கும் சட்டமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கணக்கு. குடிமக்கள் அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்டும், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்டும் கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் சலுகைக் கட்டணம் கிடையாது. 2014இல் வந்த கட்டண ஆணை குடிமக்கள் அல்லாதோருக்குத் தனிப் பட்டியல் வகுத்தது. அதைத் தொடர்ந்து மானியமும் படிப்படியாக எடுக்கப்பட்டது. வெளிநோயாளராக மருத்துவரைப் பார்க்க 40 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 120 ரிங்கிட், மருந்துக்கும் சோதனைக்கும் தனிக் கணக்கு என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் நடைமுறை. மூன்றாம் வகுப்பு வார்டில் சேர்வதற்கே அறுவை இல்லாத நோய்க்கு 1,400 ரிங்கிட்டும் அறுவைக்கு 2,800 ரிங்கிட்டும் முன்பணம் கேட்பார்கள். அந்த ஆண்டுகளில் சுகாதார அமைச்சராக இருந்தவர் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) டாக்டர் ச. சுப்பிரமணியம் என்பதையும் நினைவில் வையுங்கள்; அமைச்சர் தமிழர் என்பதால் நமக்குச் சலுகை வரும் என்று எதிர்பார்ப்பதற்கு இங்கே இடமில்லை. கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் நண்பர் சொன்ன 'நம் வரிப்பணம்' என்ற குற்றச்சாட்டு நிற்காது. கட்ட முடியாமல் விடப்படும் பாக்கிகள் இருக்கின்றன என்பதும் மறுக்க முடியாத உண்மைதான். அவற்றின் பெரும்பகுதி முதலாளி காப்புறுதி எடுக்காமலோ பெர்மிட்டைப் புதுப்பிக்காமலோ விட்டதால் வருபவை என்பது என் கணிப்பு.

வரிசை நீளுவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து இளம் மருத்துவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்தாமல் ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். மறுபுறம், 2024 இறுதியில் தனியார் மருத்துவக் காப்புறுதிச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரப்போகிறது என்ற செய்தி வந்து, நடுத்தர வருமானக் குடும்பங்கள் கலங்கிப்போயின. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. காப்புறுதியைக் கைவிடும் குடும்பம் அரசு மருத்துவமனைக்குத்தானே திரும்பி வரும்? மருத்துவர் எண்ணிக்கை சுருங்க, நோயாளர் எண்ணிக்கை பெருக, அந்தக் கோபம் கண்ணுக்குத் தெரிகிற அந்நியர் மேல் இறங்குகிறது.

செலவை யார் ஏற்பது என்பதில் கட்சிகளுக்குள் உள்ள பிளவு பழையது. வரிப்பணத்தை விட்டுச் சமூகக் காப்புறுதிக்கு மாறும் '1கேர்' திட்டம் 2012 வாக்கில் கடும் எதிர்ப்பில் முடங்கியது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, 15 ஆண்டுகளில் சீர்திருத்தம் செய்வதையும் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டை நோக்கி உயர்த்துவதையும் பேசியது. அதன்பின் வந்த சுகாதார அமைச்சின் 'ராக்கான் கேகேஎம்' திட்டம், பணம் கட்டக்கூடியவர்களுக்கு அரசு மருத்துவமனையிலேயே தனிச்சேவை தருவது. அது கொல்லைப்புற வழியாக வரும் தனியார்மயம் என்று ஒரு சாராரும், நல்ல மருத்துவர்களைத் தக்கவைக்கும் வழி என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் நமக்குக் கருத்து இருக்கலாம். வாக்கு கிடையாது.

மலேசியத் தமிழர்களின் பேச்சில் உள்ள காரத்தைப் புரிந்துகொள்ள, அவர்கள் பட்டதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்லியும் பயனில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து குடியுரிமைத் தாள் மட்டும் வாங்காமல் விட்டவர்கள், 1968ஆம் ஆண்டு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் ஒரே இரவில் பெர்மிட் கேட்டு நிற்க வேண்டியவர்கள் ஆனார்கள். 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தாம் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். தங்கிவிட்டவர்களில் சிலர் இன்றும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையைக் கழிக்கிறார்கள். 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தானாகவே குடியுரிமை கொடுத்த நல்ல காரியத்தோடு, நிரந்தரவாசிகளின் குழந்தைகளுக்கு இருந்த தன்னியக்கக் குடியுரிமையை நீக்கவும் செய்தது. இவ்வளவையும் கடந்து, குடிமக்களுக்கான நீல அட்டைக்காகப் பாட்டன் காலத்திலிருந்து அலைந்த ஒரு குடும்பத்துக்கு, அந்த அட்டையால் கிடைக்கிற 1 ரிங்கிட் வைத்தியம் எத்தனை பெரிய உரிமை என்பதை நாம் உணர வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்தவர்களில் பலருக்கு அரசு மருத்துவமனையை விட்டால் வேறு வைத்தியம் இல்லை.

அதே சமூகத்துக்குள்ளேயே முதலாளிக்கும் வேலை தேடுபவருக்கும் நேர்முரணான நலன்கள் இருக்கின்றன. முடிதிருத்தும் நிலையம், நகைத்தொழில், ஜவுளிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் அந்நியத் தொழிலாளர் சேர்ப்பு 2009இல் முடக்கப்பட்டது. கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு, 2023இல் 7,500 பேருக்கு அனுமதி தருவதாக அரசு அறிவித்தது. 2018இல் மனிதவள அமைச்சராக இருந்த ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) மு. குலசேகரன், உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்று சொன்னபோது இந்திய உணவகத்தார் கொதித்தெழுந்தார்கள். அதே அமைச்சர் காலத்தில்தான், 2019 ஜனவரி முதல், அந்நியத் தொழிலாளர்கள் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைவிபத்துக் காப்புறுதிக்குள் வந்தார்கள். அவருக்குப் பின் ம.இ.கா.வின் மு. சரவணன், அடுத்து ஜ.செ.க.வின் வ. சிவகுமார் என்று அடுத்தடுத்து மூன்று தமிழர்கள் அந்த நாற்காலியில் இருந்தார்கள். சிவகுமார் காலத்தில், 2023 மார்ச்சில், அந்நியத் தொழிலாளருக்கான புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. பதின்மூன்றாவது மலேசியத் திட்டம் என்ற ஐந்தாண்டுத் திட்டம், மொத்தத் தொழிலாளர்களில் அந்நியர் பங்கை 2030க்குள் 10 விழுக்காட்டுக்கும் 2035க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. கடைக்காரர் ஆள் கேட்கிறார். அவர் தம்பி மகன், குறைந்த சம்பளத்துக்கு ஆள் வருவதால்தான் தன் சம்பளம் உயரவில்லை என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் அந்நியருக்கும் பொருந்தும் என்ற சட்டத்தை உண்மையாக நடைமுறைப்படுத்தினாலே இளைஞரின் மனத்தாங்கலில் பெரும்பகுதி தீரும் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கொள்கையில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆவணமில்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்நியரிடம் முழுக் கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு நாடு தன் மக்களுக்கு முதலில் செலவழிப்பது முறைதான். ஆனால் காசநோய் உள்ளவர் கைதுக்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே வராமல் அறையில் பத்துப் பேரோடு படுத்திருந்தால், அந்த இருமல் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்தா பரவும்? கோவிட் காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆவணமில்லாதவர்கள் அஞ்சாமல் சோதனைக்கு வரலாம் என்று அரசு முதலில் சொன்னது. 2020 மே 1ஆம் நாள், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவை அடுத்து அடைக்கப்பட்டிருந்த பகுதியில், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் குடிநுழைவுத் துறை பிடித்துக்கொண்டு போனது. அங்குள்ள சிலாங்கூர் மேன்ஷனிலும் மலாயன் மேன்ஷனிலும் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் தங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வாக்குறுதியை நம்பி ஒருவர் சோதனைக்கு வருவார்?

இனி உங்கள் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை பெர்மிட்டில் வந்திருந்தால், 2011 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஸ்பிக்பா மருத்துவமனைக் காப்புறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தொடங்கியபோது ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் 10,000 ரிங்கிட் வரை ஈடுகட்டிய திட்டம் அது. வார்டில் சேர்வதற்கும் அறுவைக்கும் உதவும், கிளினிக்குக்குப் போகும் செலவுக்கு உதவாது. வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்தவர்களுக்கு அது கட்டாயமில்லை என்பதால், அவர்கள் முதலாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும். சொக்சோவில் 2024 ஜூலை முதல் உடல்முடக்கப் பாதுகாப்பும் சேர்ந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎஃப் சேமநிதிக்குத் தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு இரண்டு விழுக்காடு செலுத்துகிறார்கள். சம்பளச் சீட்டில் இவை இல்லையென்றால் கேளுங்கள். கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்தவர்கள் நிறுவனக் காப்புறுதியின் உச்சவரம்பையும், குடும்பத்தினர் அதில் அடங்குகிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்துபோகலாம் என்று ஆனதை வைத்து, "முதலில் வந்துவிடு, பெர்மிட்டைப் பிறகு போட்டுத் தருகிறேன்" என்று பணம் பறிக்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அப்படி வந்து காலம் கடந்து தங்கிப் பிடிபட்டால் குடிநுழைவுச் சட்டத்தில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ தண்டனையாகக் கிடைக்கலாம்.

உங்கள் நண்பருக்குச் சொல்லும் மறுமொழியைப் பற்றி: அவர் தனியாகக் கிடைக்கும்போது, நீங்கள் கட்டும் கட்டணத்தைச் சொல்லுங்கள், அவர் குடும்பம் மருத்துவமனையில் படும் பாட்டைக் கேளுங்கள். கூட்டத்தில் வாதிட வேண்டாம். 2012ஆம் ஆண்டின் அமைதிக் கூட்டச் சட்டம் குடிமக்கள் அல்லாதோருக்குக் கூட்டம் நடத்தவோ கலந்துகொள்ளவோ உரிமை தரவில்லை. ஆகவே எந்தப் பேரணியிலும், அது உங்களுக்காகவே நடந்தாலும், நிற்காதீர்கள். ஃபேஸ்புக்கில் கட்சிச் சண்டைக்குக் கீழே கருத்துப் போடுவதையும் தவிருங்கள். நம் பாஸ் குடிநுழைவுத் துறையின் விருப்பத்துக்கு உட்பட்டது.

பினாங்கிலிருந்து பிரசவத்தைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு: இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருகிற நோயாளர்களைப் பினாங்குத் தனியார் மருத்துவமனைகள் வரவேற்பதையும், வெளிநாட்டு நோயாளர்களை ஈர்க்கவே அரசு 2009இல் ஓர் அமைப்பைத் தொடங்கியதையும் பார்த்து, எல்லா அந்நியருக்கும் அதே வரவேற்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம், அது கையில் பணத்தோடு வருபவர்களுக்கானது. நிறுவனக் காப்புறுதிகளில் பல பிரசவத்தை ஏற்பதில்லை. ஆகவே ஐந்தாம் மாதத்துக்குள் பினாங்கு மருத்துவமனையில் முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைக்கு இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. 60 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிந்து, அந்தச் சான்றிதழைக் கொண்டு கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கடப்பிதழுக்கு விண்ணப்பித்து, பிறகு குடிநுழைவுத் துறையில் குழந்தைக்கும் பாஸ் பெற வேண்டும். மூன்றும் முடியும்வரை எல்லாத் தாள்களின் நகலையும் கையோடு வைத்திருங்கள்.