கச்சான் காற்றில் ஸ்கூட்டி முன்னால், சைக்கிள் பின்னால்

சைக்கிளோட்ட வீரருக்கு முன்னால் ஸ்கூட்டி ஓட்டிப் பயிற்சி கொடுப்பது என்றதும், வேகமாக ஓட்டத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அக்காவின் மகளுக்காக உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். வேகத்துக்கு இதில் உள்ள பங்கு கொஞ்சம்தான். பின்னால் வருகிறவருக்கு நாம் கொடுப்பது காற்று மறைப்பு. அது சீராக இருக்க வேண்டும், அவர் எதிர்பாராத நேரத்தில் நழுவிப் போகக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சைக்கிளில் வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளுவதற்குத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். முன்னால் ஒரு வண்டி அந்தக் காற்றைப் பிளந்துகொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு 1899இல் சார்ள்ஸ் மேர்பி என்ற அமெரிக்கர் செய்தது நல்ல உதாரணம். ரயில் பெட்டிக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு நடுவில் பலகை விரித்து, சைக்கிளில் ஒரு மைல் தூரத்தை 57.8 செக்கனில் ஓடி முடித்தார். 2018இல் டெனிஸ் முல்லர் கோரெனெக் என்ற பெண் பந்தயக் கார் ஒன்றின் பின்னால் மணிக்கு 296 கிலோமீற்றர் வரை போனார். நாங்கள் 40, 45ஐத் தாண்டுவதில்லை. ஆனாலும் தனியாக ஓடினால் எட்ட முடியாத வேகத்தில் கால் பழகுவதற்கு இந்த மறைப்பு உதவுகிறது. போட்டியில் கூட்டத்துக்குள் ஓடும்போது வரும் வேகம் அது. நாள் முழுக்கத் தனியாக மிதித்தாலும் அந்த வேகம் கைவராது.

பயிற்சியாளர் முதலில் என்னிடம் ஸ்கூட்டியைத் தரவில்லை. என்னைச் சைக்கிளில் ஏற்றி, தான் ஸ்கூட்டியில் முன்னால் போனார். என்னால் முடிந்த மெதுவான வேகத்தில்தான். ஆனால் பின்னால் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு, அவ்வளவுதான். குழி, மணல், குறுக்கே வரும் நாய் எல்லாம் முன்னால் இருப்பவர் சொன்னால்தான் உண்டு. இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் எல்லோரும் தயவுசெய்து ஒரு முறையாவது பின்னால் ஓடிப் பாருங்கள். அதைச் செய்யாதவரை நம்பி என் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அக்சிலேற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது கியர் இல்லாத நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டி. புகை குறைவு, பின்னால் மூச்சு வாங்குகிறவருக்கு அது முக்கியம். இந்த வகை வண்டியில் அக்சிலேற்றரை ஒரேயடியாக விட்டால், பிரேக் பிடிக்காமலே வண்டி இழுத்துப் பிடித்ததுபோல் தளரும். பிரேக் லைட்டும் எரியாது. பின்னால் அரை மீற்றரில் வருகிறவருக்கு அதுதான் பெரிய ஆபத்து. அவருடைய முன் ரயர் ஸ்கூட்டியின் பின் ரயரில் உரசினால் ஸ்கூட்டிக்கு ஒன்றும் ஆகாது, விழுவது சைக்கிள்தான். ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடும் போட்டிகளில், பின்பக்கம் சுழலும் உருளை ஒன்றைப் பூட்டியிருப்பார்கள், பட்டாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழலும். வீதியில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் குறைப்பதும் கூட்டுவதும் ஒன்றிரண்டு கிலோமீற்றராகத்தான். நிற்க வேண்டுமென்றால், முதலில் இடது கைப் பிரேக்கை லைட் எரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, அக்கா மகள் விலகிவிட்டாளா என்று கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அழுத்த வேண்டும்.

வேகத்தைச் சொல்வதும் அவள்தான். ஸ்கூட்டி மீற்றர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். எங்கள் வண்டியில் 45 என்றால் அவளுடைய சைக்கிள் மீற்றரில் 41, 42தான் இருக்கும். கூட்ட வேண்டுமென்றால் “ஓம்!” என்று கத்துவாள். குறைக்க வேண்டுமென்றால் “மாமா!” கஷ்டம் வந்தால் அவள் வாயில் தானாக வருவது அதுதானே, அதையே வைத்துக்கொண்டோம். ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்தாலும் இரண்டும் தெளிவாகக் கேட்கும்.

ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் என்ற ஓடுதளச் சைக்கிள் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. மோட்டார் பூட்டிய வண்டியில் ஒருவர் முன்னால் போய், வேகத்தை 30இலிருந்து 50 வரை மெல்ல மெல்ல ஏற்றிவிட்டு விலகிவிடுவார். அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். நிமிர்ந்த முதுகு, குனியவே மாட்டார். ஏற்றுவது கண்ணுக்கே தெரியாது. நான் அந்த முதுகைப் பார்த்துத்தான் உட்காரப் பழகினேன். ஸ்கூட்டியில் நிமிர்ந்து, தோளை அகலமாக வைத்து உட்கார்ந்தால் பின்னால் கிடைக்கும் மறைப்பும் பெரிது.

இனி காற்று. திருகோணமலையில் வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் அடிக்கும், மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. விடியற்காலையில் அடங்கி இருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். நிலாவெளியை நோக்கி வடக்கே போகும்போது அது இடது பக்கத்தால் அடிக்கிறது. அப்போது மறைப்பு நேர் பின்னால் இருக்காது, வலது பக்கம் சாய்ந்துவிடும். அவளும் அதைத் தேடி வலது பக்கம் நகருவாள், அதாவது வீதியின் நடுவுக்கு. பின்னால் புல்மோட்டை பஸ் வந்துகொண்டிருக்கும். அதனால் போகும்போது ஸ்கூட்டியை வீதியின் இடது ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுபோவேன். அப்போது அவள் வலப்புறம் சாய்ந்தாலும் எங்கள் பக்கத்துக்குள்தான் இருப்பாள். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். காற்று வலது பக்கத்தால், மறைப்பு இடது பக்கம். இப்போது நான் ஓரத்தில் போனால் அவளுக்கு மண் கரைதான் மிஞ்சும். ஆகவே ஓரத்தில் ஒரு சைக்கிள் அகலம் விட்டு உள்ளே வர வேண்டும். பின்னால் வருகிற வாகனக்காரருக்கு இது பிடிக்காது, ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அவள் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய இடம் வரும்வரை நான் ஓரம் போக மாட்டேன்.

இது யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளே ஒருநாள் இளநீர் குடிக்க நின்றபோது, “மாமா, போகேக்க சுகமா இருக்கு, வரேக்க மட்டும் ஏன் உங்களுக்குப் பின்னால நிண்டும் காத்து முகத்திலேயே அடிக்குது?” என்று கேட்டாள். இரண்டு பேரும் மணலில் விரலால் கோடு கீறிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். பின்னால் ஓடுகிறவர் சொல்வதைக் கேட்டால் பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

மாடுகள். விடியப்புறம் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாம்பல்தீவுப் பக்கம் வழக்கமாகவே இருக்கும். இடது கையை இறக்கிக் காட்ட வேண்டும், ஏனென்றால் வலது கை அக்சிலேற்றரில். ஆனால் இடது கையை எடுத்தால் பின் பிரேக்கும் கையை விட்டுப் போகிறது. ஆகவே நூறு மீற்றர் முன்னாலேயே கண்டு, கையைக் காட்டி, திரும்பப் பிடியில் வைத்துவிட வேண்டும். நான் என் ரயருக்கு முன்னால் உள்ள வீதியைப் பார்ப்பதே இல்லை, கண் எப்போதும் தூரத்தில்தான்.

மனிதர்கள் விஷயமும் சொல்ல வேண்டும். ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து, அவளைப் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். நான் வேகத்தை மெல்ல இறக்கி, அவள் நின்ற பிறகு நின்றேன். “தம்பி, இவ பயிற்சியில இருக்கிறா. கொஞ்சம் பட்டாலும் விழுந்திடுவா” என்று சொன்னேன். ஒருவன் போனை உடனே பைக்குள் வைத்துவிட்டான். மற்றவன், “எங்கட இடத்துப் பிள்ளையா அண்ணை? எந்தப் போட்டிக்கு?” என்று கேட்டான். அதன் பிறகு வழியில் கண்டால் தூரத்திலிருந்தே கை காட்டிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் இப்படி இல்லை என்பதும் தெரியும். வீதியில் தனியாக ஓடும் பெண் பிள்ளைகள் தினமும் இதைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

இறக்கக்கண்டிப் பாலம் எங்களுக்கு நல்ல இடம். பாலத்துக்கு ஏறும்போது ஸ்கூட்டிக்கு ஒன்றும் தெரியாது, அவள் தொடைக்குத்தான் தெரியும். அங்கே வேகத்தைப் பிடித்து வைக்கக் கூடாது, அவள் மிதிக்கும் பலத்தைத்தான் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். வேகம் இறங்கினால் இறங்கட்டும். உச்சி தாண்டியதும் வண்டி தானாக ஓடப் பார்க்கும், அதையும் பிடிக்க வேண்டும், அவள் இன்னும் ஏற்றத்தில் இருக்கிறாள்.

கடைசி ஸ்பிரின்ட் பயிற்சியில் அவள் என்னை முந்திப் போவாள். வலது பக்கத்தால் என்று முதலே பேசி வைத்திருக்கிறோம். எதிரே வாகனம் இல்லையென்றால் மட்டும் நான் தலையை ஒரு முறை ஆட்டுவேன், அவள் வெளியே வருவாள். அந்த நேரத்தில் என் வேலை நேர்கோட்டில் போவது மட்டும்தான். வேகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அடுத்து கிண்ணியாப் பக்கம் போகலாம் என்கிறாள். 2009இல் திறந்த பெரிய பாலம், 396 மீற்றர், அதற்கு அப்பால் மூதூர் வரை வீதி. எனக்கும் ஆசைதான். ஆனால் கடலும் களப்பும் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் அந்தப் பாலத்தில் கச்சான் எப்படித் திரும்பி அடிக்கும் என்பதை முதலில் தனியாக ஓடிப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப் போடுவார்கள், அந்த மணிகளில் மெல்லிய சைக்கிள் ரயர் வழுக்கிவிடும். அந்தப் பக்கத்தில் காலமையில் ஓடுகிறவர்கள் யாராவது இருந்தால், எந்த இடங்களில் நெல் போடுகிறார்கள், எந்த மாதங்களில் வீதி சுத்தமாக இருக்கும் என்று சொல்லுங்கள்.