புதுப்பிப்பு: சன்வே லகூன் பயணத்துக்கு வீடே எடுத்தோம்

பினாங்கிலிருந்து குடும்பத்தோடு போகிறோம், கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சன்வே லகூன் நீர் விளையாட்டுப் பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் தங்குவதா, கோலாலம்பூரில் வீடு வாடகைக்கு எடுப்பதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்தோம், மனசு நிறைந்தது.

முக்கியக் காரணம் அப்பா. சர்க்கரை இருப்பதால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். காலையில் அம்மா தோசை ஊற்றி, வெங்காயச் சட்னியும் அரைத்துவிட்டார். சாயங்காலம் பிள்ளைகள் நனைந்த நீச்சல் உடைகளை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, சுடச்சுட ரசம் சோறு சாப்பிட்டார்கள். அப்புறம் கூடத்தில் பாய் விரித்து ராத்திரி முழுக்கப் பேச்சுதான். தனித்தனி அறைகளில் அது கிடைத்திருக்காது.

போக்குவரத்து சுலபம். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் ரயில் ஏறி, செத்தியா ஜெயாவில் பிஆர்டி பேருந்துக்கு மாறினோம். அதற்கென்றே தனி மேம்பாலத் தடம் இருப்பதால் நெரிசல் கிடையாது. சன்வே லகூன் பெயரிலேயே நிறுத்தம் உண்டு.

கைக்குழந்தை இருந்தால் மட்டும் ரிசார்ட்டையே சொல்வேன். மத்தியானம் அறையில் தூங்க வைத்துவிட்டு மறுபடி பூங்காவுக்குப் போகலாம்.

கொண்டோ (அடுக்குமாடி வீடு) எடுப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே, குறுகியகால வாடகைக்குக் கட்டட நிர்வாகத்தின் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூரின் மோன்ட் கியாரா பகுதி வழக்கு ஒன்றில், நிர்வாகக் கழகம் அதைத் தடை செய்யலாம் என்று 2020-இல் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.