பழைய வீட்டு மரத்தில செய்த வாங்கு ஆடுது, அவசரம்

ஆரையம்பதி_பொடியன்:
அண்ணாமார் அவசர உதவி. அம்மம்மாட ஓட்டு வீட்டக் கழட்டினதில வந்த மரத்தில குந்துறதுக்கு வாங்கு (பெஞ்ச்) ஒண்டு அடிச்சன். பாக்க நல்ல வடிவு, ஆனா ஆள் குந்தினா ஆடுது. கூட ஸ்குறூ போட்டுப் பாத்தன், தலை முறிஞ்சு உள்ளுக்கயே நிண்டுட்டு. அடுத்த கிழமை அம்மன் கோயில் சடங்கு, வீடு முழுக்க ஆக்கள் வருவாங்க. என்ன செய்யலாம்?

கல்லடிப்_பாலம்:
எப்பிடி ஆடுது தம்பி? படம் ஒண்டு போடுங்களன்.

மரத்தூள்:
என்ன மரம், எத்தின அடி நீளம், பலகை என்ன தடிப்பு, காலை எப்பிடிப் பூட்டின? இதுல ஒண்டுமே சொல்லாம "ஆடுது" எண்டா நாங்க சாத்திரம்தான் பாக்கணும்.

சம்மாந்துறை_நானா:
தம்பி அந்த வீட்டுக்கு 2004ல சுனாமித் தண்ணி வந்ததா? வந்திருந்தா அதான் காரணம். உப்பு ஊறின மரம் காத்துல இரிக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இரிக்கும், ஆணி ஸ்குறூவ எல்லாம் துரு தின்னும். எனக்குத் தெரிஞ்ச ஒராள் அப்பிடி மரத்தில கட்டில் செஞ்சி கடைசியில விறகுக்குத்தான் போட்டாரு.

ஓடாவி_வம்சம்:
யூடியூப் பாத்து ஓடாவி (தச்சன்) ஆகினா இப்பிடித்தான். எங்கட அப்பாட காலத்தில வாங்குக்கு ஒரு ஸ்குறூ கூடப் போகாது, எல்லாம் துளையும் கூரும்தான் (ஒரு மரத்தில துளை, மற்ற மரத்தில அதுக்குள்ள இறுகப் போற கூர்), நாலு பேர் ஏறி நிண்டாலும் அசையாது. இதெல்லாம் இங்க முந்தியே எத்தினையோ தரம் சொல்லியாச்சு, ஆர் தேடிப் படிக்கிற?

கல்லடிப்_பாலம்:
அண்ணன் அவன் கேட்டது சடங்குக்கு முதல் எப்பிடிச் சரிபண்ற எண்டு, உங்கட அப்பாட கதை இல்ல 😄

ஆரையம்பதி_பொடியன்:
சொறி அண்ணா, வேலையில நிண்டு எழுதின. 6 அடி நீளம், பலகை 2 அங்குலத் தடிப்பு, கால் 3க்கு 3, கூரைக் கைமரத்தில வெட்டினது. பலகைக்கு மேலால நேர காலுக்குள்ள ஸ்குறூ அடிச்சிருக்கன், நாலு காலுக்கும் அப்பிடித்தான். மரம் முதிரை எண்டு மாமா சொன்னவர். சுனாமித் தண்ணி வளவு வரைக்கும் வந்த, கூரைக்கு எங்க வந்த நானா?

மரத்தூள்:
சரி இப்ப ஒரு வேலை செய். சீமெந்து நிலத்தில வாங்க வெச்சிட்டு ஒரு மூலைய அமத்து. எதிர் மூலைக் கால் தூக்குதா, இல்ல நாலு காலும் நிலத்தில நிக்க மேல் பலகை மட்டும் நீளப்பாட்டுக்குச் சரியுதா? கால் தூக்கினா ஒரு கால் கூடக்குறைய, இல்லாட்டி பலகை முறுகியிருக்கு, அத வெட்டிச் சரிபண்ணலாம். பலகை சரிஞ்சா மூட்டுத்தான் பிழை.

ஆரையம்பதி_பொடியன்:
சரியுது. கால் நிலத்திலதான்.

மரத்தூள்:
நினைச்சன். மேலால போன ஸ்குறூ காலுக்குள்ள நார் போற போக்கிலயே இறங்குது. நாரை வெட்டிக் குறுக்கால போனாத்தான் ஸ்குறூ இறுகப் பிடிக்கும், நாரோட போனா கொஞ்ச நாள்ல இளகிரும். அதோட உன்ட வாங்கில கால்களப் பிணைக்கிற சட்டம் ஒண்டுமில்ல, எல்லா அசைவும் அந்த ஸ்குறூ முனையிலதான் விழுது. நீ இன்னும் ஒரு பெட்டி ஸ்குறூ அடிச்சாலும் நிக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பலகைக்குக் கீழ, கால்களோட ஒட்டினாப்போல 4 அங்குல அகலச் சட்டம் ரெண்டு பக்கமும் நீளத்துக்குப் போடு, காலுக்குக் குறுக்கால 10 மில்லிமீட்டர் போல்ட், வாஷர் வெச்சு இறுக்கு. ரெண்டு அந்தத்திலயும் காலோட கால் சேர்த்து கீழ ஒரு குறுக்குச் சட்டம். ஒரு நாள் வேலை.

ஸ்குறூ தலை முறியிறது வைரம் பாஞ்ச மரத்துக்கு முதல்ல துளை போடாததால. 5 மில்லிமீட்டர் ஸ்குறூவுக்கு 4 மில்லிமீட்டர் பிட்டால துளச்சி, புரியில கொஞ்சம் சவுக்காரம் தேச்சுப் பூட்டினா வழுக்கிக்கொண்டு போகும். முறிஞ்சு நிக்கிறத நோண்டாத, பக்கத்தில வேற துளை போடு. வாள் வைக்க முதல் காந்தத்த மரம் முழுக்க ஓட்டிப் பாரு, பழைய கைமரத்தில ஆணி எங்க கிடக்கு எண்டு கண்ணுக்குத் தெரியாது.

படுவான்கரை:
இன்னொண்டு. இப்ப கச்சான் காத்து, மரம் காஞ்சு சுருங்கி நிக்கிற நேரம். மாரி மழைக்கு ரெண்டங்குலப் பலகை அகலப்பாட்டுக்கு ஊதும், நீளப்பாட்டுக்குப் பெரிசா மாறாது. ரெண்டு பலகை வெச்சிருந்தா இடையில இடைவெளி விடுங்க. பலகையைச் சட்டத்தில பூட்டுற துளைய அகலப்பாட்டுக்குக் கொஞ்சம் நீட்டி விடுங்க. இல்லாட்டி மாரியில வெடிக்கும்.

ஓடாவி_வம்சம்:
போல்ட் நட்டு எல்லாம் வண்டில் வேலை. துளையும் கூரும் போட்டு மர ஆணி அடிச்சா போதும். அது இருக்கட்டும், முதிரை எண்டு ஆர் சொன்ன? ஊருக்குள்ள பாரமான மரம் எல்லாமே முதிரைதான். இந்தப் பக்கத்துக் கூரையில பாதி பாலை மரம்.

சம்மாந்துறை_நானா:
பாலை எண்டா கடுஞ்சிவப்பா இரிக்கும், தண்ணில போட்டா தாழும். ரெயில் தண்டவாளத்துக்குக் கீழ சிலிப்பர் கட்டைக்குப் போட்ட மரம் அது. முதிரை சீவினா மஞ்சள் பட்டு மாதிரி மினுங்கும், வாசமும் வரும்.

ஓடாவி_வம்சம்:
பழைய மரத்தில மேல் நிறத்த வெச்சு ஒண்டும் சொல்ல ஏலா. நூறு வருசம் அடுப்புப் புகை குடிச்ச மரம் எல்லாம் ஒரே கறுப்பு.

சம்மாந்துறை_நானா:
அதானே நான் சீவிப் பாக்கச் சொல்றன்! எழுதினத வாசிக்கிற இல்லயா?

படுவான்கரை:
சமண்டலையாவும் இருக்கலாம். முந்தி திருகோணமலை மரம் எண்டு வெளிநாட்டுக்காரன் பேர் வெச்சது அதுக்குத்தான்.

ஓடாவி_வம்சம்:
இப்ப மூண்டாவது மரமும் வந்தாச்சு. நல்லா இருக்கு.

கல்லடிப்_பாலம்:
வாங்கு எங்கயோ போயிற்று, நீங்க காட்டுக்க நிக்கிறீங்க. தம்பி கறையானுக்குக் கால் அடியில கழிவு ஒயில் பூசு, ஆனா குந்துற பலகையில பூசிராத, வாற ஆக்கள்ர வேட்டி எல்லாம் போயிரும்.

மரத்தூள்:
பழைய பெயின்ற் இருக்கிற துண்டு எதும் பாவிச்சியா? கதவு யன்னல்ல இருந்த பழைய பெயின்ற்ல ஈயம் இருக்கும், தூள் பறக்கத் தேய்க்காத, நனைச்சுச் சுரண்டு, சின்னப் பிள்ளையள் பக்கத்தில நிக்கக் கூடாது.

கல்லடிப்_பாலம்:
ஆளக் காணல்ல. சடங்கு முடிஞ்சிருக்குமே?

ஆரையம்பதி_பொடியன்:
முடிஞ்சி. சட்டம் போட்டு போல்ட் அடிச்ச, ஆடல்ல, மாமாவும் பெரியப்பாவும் ஒண்டா குந்தினவங்க. நன்றி மரத்தூள் அண்ணா. பெயின்ற் ஒண்டும் இல்ல, கூரை மரம்தான். ஆனா சீவினதில இருந்து கை ரெண்டும் சிவந்து ஒரே கடி, தூள் பட்ட இடமெல்லாம் சொறி சொறியா கிடக்கு, இதுக்கு என்ன செய்யிற?

சம்மாந்துறை_நானா:
அல்ஹம்துலில்லாஹ், அப்ப முதிரைதான்! முதிரைத் தூள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாத ஆக்கள் இரிக்காங்க. சவக்காரம் போட்டுக் கழுவு, கடி நிக்காட்டி டாக்டர்ட்ட காட்டு, இனிச் சீவினா முகத்துக்குத் துணி கட்டு, முழுக்கைச் சேட்டும் போடு.

ஓடாவி_வம்சம்:
நான் முதிரை இல்ல எண்டு எங்க சொன்ன? பாலையாவும் இருக்கலாம் எண்டுதான் சொன்ன.

கல்லடிப்_பாலம்:
படம்?