ஆன்லைன் செஸ் டோர்னமென்ட்டுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, எந்த ஓபனிங் படிக்கலாம்?

செந்தூல்குதிரை:
வணக்கம் எல்லாருக்கும். கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், வேலை முடிஞ்சு எல்ஆர்டி ரயில்ல வர்றப்ப போன்ல செஸ் ஆடுறதுதான் நம்ம பொழுதுபோக்கு. லிசெஸ்ங்கற செஸ் வெப்சைட்டுல ரேபிட் ரேட்டிங் 1400 கிட்ட வந்து மூணு மாசமா அங்கயே குந்திக்கிட்டு இருக்கு. இப்ப சென்னைல இருக்குற கூட்டாளி ஒருத்தன் அங்க நடக்குற அமெச்சூர் டோர்னமென்ட்ல என் பேரையும் சேத்துக் கொடுத்துட்டான். சுவிஸ், 7 ரவுண்டு, ஆளுக்கு 10 நிமிஷம் ப்ளஸ் மூவுக்கு 5 செகண்டு, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் 4 மணி, ஜூம்ல கேமராவும் போடணுமாம். நான் ஓபனிங்லாம், அதான் ஆட்டத்தோட மொத சில மூவ், ஒழுங்கா படிச்சதே இல்ல, சிசிலியன்ங்கற ஓபனிங் வீடியோ ஒண்ணு 3 மணி நேரம் ஓடுது, பாதியிலயே தூங்கிட்டேன். ரெண்டு வாரத்துல எதப் படிச்சா மானத்தோட வெளிய வரலாம்?

கெலுகோர்வாசி:
தம்பி, மொதல்ல அந்த 4 மணி எந்த ஊரு 4 மணின்னு கேட்டுக்க. இந்தியா டைம்னா நமக்கு ஆறரை. ஒரு தடவ நான் இப்படித்தான் ரெண்டரை மணி நேரம் முன்னாடியே குளிச்சு திருநீறு பூசிட்டு உக்காந்திருந்தேன் லா.

ஓபனிங்க விடு. உன் ரேட்டிங்ல யாரும் ஓபனிங்ல தோக்கறதில்ல, சும்மா நிக்குற காய மறந்து தூக்கிக் கொடுத்துத்தான் தோக்கறோம். நாம என்ன, 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆன கடைசி கேம்லயே டிங் லிரன் 55-ஆவது மூவ்ல ரூக்க தப்பான எடத்துல வச்சுத்தானே போச்சு. அதுவரைக்கும் ட்ரா பண்ணியிருக்க வேண்டிய ஆட்டம்.

நீ தோத்த கடைசி 20 கேம எடு, என்ஜின் (மூவ சரி பாக்குற செஸ் சாஃப்ட்வேர்) போடாம நீயே பாரு, எந்த மூவ்ல கெட்டுச்சு, அப்ப கடியாரத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுது. அப்புறமா என்ஜின்ல போட்டு சரியான்னு பாத்துக்க. 10 ப்ளஸ் 5-ல 40 மூவ் ஆடுனா மொத்தம் 800 செகண்டு, மூவுக்கு 20 செகண்டுதான் வருது. பத்தாவது மூவ்லயே நாலு நிமிஷம் உக்காந்து யோசிச்சா பின்னாடி அல்லாட வேண்டியதுதான்.

பாயான்லெப்பாஸ் அம்மா:
என் மகன் போன வருஷத்துலேருந்து இந்த மாதிரி ஆடுறான், அதனால ஆட்டத்தப் பத்தி சொல்ல மாட்டேன், ஆட்டத்துக்கு வெளிய உள்ளத சொல்றேன். கேமராவுக்கு வேற போன் வேணும், பக்கவாட்டுல வச்சு உங்க கையும் ஸ்க்ரீனும் தெரியணும்னு கேப்பாங்க, நாங்க மைலோ டின் ரெண்ட அடுக்கி அது மேல சாத்தி வப்போம். ஜூம் ஓடுனா பேட்டரி சீக்கிரம் எறங்கும், சார்ஜ்ல போட்டே வைங்க. ஹெட்போன் போடாதீங்க, வேற டேப் எதுவும் தொறந்து வைக்காதீங்க.

மழையில நெட்டு போகும், அது கட்டாயம் ஒரு நாள் போகும். ஒரு தடவ ஜெயிக்கிற கேம்ல போயி, போன் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாம பையன் அழுதே போயிட்டான், நெட்டு போனாலும் கடியாரம் நிக்காது பாருங்க. முன்னாடி நாளே ஒரு தடவ மாத்திப் பாத்து வைங்க. அப்புறம் வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, எங்க மாமியார் சரியா அஞ்சாவது ரவுண்டுல கதவ தொறந்து "ஐயா, பசியாறிட்டியா"ன்னு கேக்க, அவன் திரும்பிப் பாத்துக்கிட்டே குயின கொண்டு போயி பிஷப் வாயில வச்சுட்டான்.

நைட்ரைடர்_கேஎல்:
அண்ணன் சொல்றது முக்காவாசி சரி, ஆனா ஓபனிங்கே வேணாங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். கறுப்புல ஆடுறப்ப இத்தாலியன் ஓபனிங்ல ஒரு பொறி இருக்கு, அமெச்சூர்ல எவனாவது ஒருத்தன் கண்டிப்பா போடுவான். பிஷப்ப சி4-ல வச்சிட்டு குதிரைய ஜி5-க்கு தூக்கிட்டு வருவான், ரெண்டும் உங்க ராஜா பக்கத்துல இருக்குற எஃப்7 கட்டத்த குறி வைக்கும். நீங்க டி5 தள்ளுவீங்க, அவன் பான்ல வெட்டுவான், அங்கதான் விஷயம். உடனே குதிரையால திருப்பி வெட்டுனீங்கன்னா அவன் குதிரைய எஃப்7-ல பலி கொடுத்து ராஜாவ நடு போர்டுக்கு இழுத்துருவான். அதுக்கு பதிலா சி6-ல இருக்குற குதிரைய ஏ5-க்கு வச்சு பிஷப்ப தொரத்துங்க. ஒரு பான் போகும், பரவால்ல, காயெல்லாம் வேகமா வெளிய வந்துரும்.

இன்னொண்ணு, சுவிஸ்ல மொத ரவுண்டு தோத்தா வெளிய தள்ள மாட்டாங்க, உங்க பாயிண்டு கிட்ட இருக்குற ஆளத்தான் அடுத்து கொடுப்பாங்க. கோவத்துல டோர்னமென்ட்ட விட்டு போயிறாதீங்க, நான் போயிருக்கேன்.

செந்தூல்குதிரை:
அண்ணே, கூட்டாளிகிட்ட கேட்டேன், இந்தியா டைம்தான், நமக்கு ஆறரை. 7 ரவுண்டு முடிய பத்து மணி ஆயிரும், நல்லவேள கேட்டீங்க. 20 கேமும் பாத்துட்டேன். எட்டு, டைம்ல போனது. ஒம்போதுல காய சும்மா தூக்கிக் கொடுத்திருக்கேன், அதுல அஞ்சு எல்ஆர்டில நின்னுக்கிட்டு ஆடுனது. ஓபனிங்ல போனது ரெண்டே ரெண்டு, ரெண்டுமே அந்த எஃப்7 குதிரை. அக்கா, எங்க வீட்டுல மைலோ டின் ஒண்ணுதான் இருக்கு, பிஸ்கட் டின் ஓகேவா?

பாயான்லெப்பாஸ் அம்மா:
ஓகே, உள்ள பிஸ்கட் இருக்கணும், காலி டின்னு ஆடும்.